நீலத்துக்கு அடியில்

கையை மடியிலேயே வச்சுக்கணும். தூக்கக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது. யாழினி வாசல்லயே சொல்லிட்டா: "அம்மா, கையைத் தூக்கினீங்கன்னா ஏலம் கேக்கறீங்கன்னு நினைச்சுக்குவாங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இந்த ஏலக் கம்பெனியில வேலை பாக்கற பொண்ணு, நல்ல பொண்ணு. ஆனா எப்ப சொன்னாளோ அப்பலேருந்து மூக்கு அரிக்குது. எழுபத்திநாலு வயசுல, பெரிய ஓட்டல்ல, தரையெல்லாம் கம்பளம் விரிச்ச கூடத்துல, படம் வரைஞ்சவரோட சம்சாரம்னு என்னைக் கொண்டு வந்து முன்வரிசையில உக்கார வச்சாங்க. நாற்காலி முதுகுல இங்கிலீஷ்ல பேர் அடிச்சு ஒட்டியிருந்தது. மிஸஸ் ஏகாம்பரம். பங்கஜவல்லின்னு ஒருத்தி இருக்கறது இங்க யாருக்குத் தெரியும். விளக்கு கண்ணைக் கூசுதுன்னு சொல்லிட்டுக் கடைசி வரிசைக்கு வந்துட்டேன். விளக்கு ஒண்ணும் பண்ணலை. முன்னாடி உக்காந்தா அது மேடைக்கு வரும்போது நேருக்கு நேர் பாக்கணும். அதான். இருபத்திநாலாவது நம்பர். இப்ப ஓடறது மூணு. சொல்றதா இருந்தா அதுக்குள்ள சொல்லணும். சுத்தியல் விழுந்துட்டா படம் எந்த ஊருக்கோ, யார் வீட்டுக்கோ, பொட்டியில அடைச்சு எந்தக் கிடங்குக்கோ போயிடும், அப்புறம் நான் யாரைப் போய்க் கேப்பேன். அந்த நீலப் படத்துக்கு அடியில என் பொண்ணு முகம் இருக்கு. தேனு முகம். உலகத்துல அவளுக்கு வேற படம் கிடையாது. அது அங்க இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்ச இன்னொருத்தர் செத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சு.

மேடையில கோட்டுப் போட்ட மனுசன் கடகடன்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்றான், மூச்சே விட மாட்டானா இவன். அங்க ஒரு அட்டை தூக்கறாங்க, இங்க ஒரு அட்டை தூக்கறாங்க, சுவரோரமா வரிசையா பொண்ணுங்களும் பையன்களும் டெலிபோனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்குதுங்க, யாரோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு இதுங்க வாய் வழியா கேக்கறாங்க. யாழினியும் அந்த வரிசையிலதான் நிக்கறா. ஏ.சி. முழங்கால்ல இறங்குது. பத்து நாளைக்கு முன்னாடி அவ என் வீட்டுக்கு வந்தா, பெரம்பூர்ல, அந்த மூணு மாடியும் ஏறி. பாவம், மூச்சு வாங்கிச்சு. படத்தோட ஃபோட்டோ ரெண்டு கொண்டு வந்திருந்தா, முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. "இது சார் வரைஞ்சதுதானான்னு நீங்கதாம்மா பாத்துச் சொல்லணும், கையெழுத்து சரியாத் தெரியலை"ன்னா. நான் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பின்பக்கத்தை எடுத்து ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன். நடுவால ஒரு தையல் ஓடுது. அந்தக் காலத்துல கான்வாஸ் வாங்க நமக்கு ஏது வக்கு, காடாத்துணிதான். அகலம் பத்தாதுன்னா ரெண்டு துண்டை நான் மிஷின்ல சேத்துத் தைப்பேன், உள்மடிப்பு வச்சு, ரெட்டைத் தையல். அப்புறம் வச்சிரப் பசை காய்ச்சி ஊத்தி, காய வச்சு, வெள்ளை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அது எல்லாம் நான். அதுக்கு மேலதான் அவர். அந்தத் தையல்ல அடியிலேருந்து நாலு விரக்கடை மேல ஒரு முடிச்சு. நூல் அறுந்து திரும்பப் போட்டது. ஏன் அறுந்துச்சுன்னா தேனு வந்து சக்கரத்துல கையை வச்சுட்டா. முதுகுல ஒண்ணு வச்சேன். அழலை, சிரிச்சா. ஃபோட்டோவுல அந்த முடிச்சு மேல விரலை வச்சுப் பாத்தேன். "இது அவரோடதுதான்"னேன். "எப்படிம்மா இவ்வளவு உறுதியா?" "நான் தைச்சதும்மா." அவளுக்கு ஒரே சந்தோஷம், எழுதிக்கிட்டா. "வேற ஏதாவது இந்தப் படத்தைப் பத்தி ஞாபகம் இருக்காம்மா?" அப்ப சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. "காபி ஆறுது பாரு, குடி"ன்னுட்டேன்.

அஞ்சாவது போச்சு. கைதட்டறாங்க. எதுக்குக் கைதட்டறாங்கன்னு தெரியலை, வரைஞ்சவனுக்கா, வாங்கினவனுக்கா. ஆறு. மாடு படம். நல்லாத்தான் இருக்கு மாடு. நாங்க அப்ப இருந்தது காஞ்சிபுரத்துல, எங்க அப்பா வீட்டுக்குப் பின்னால ரெண்டு சின்ன அறை, இவருக்குப் பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர் வேலை. எங்க அப்பா பொம்மைக்காரர். கொலு பொம்மை. பொம்மைக்கு உடம்பெல்லாம் வண்ணம் அடிச்சு, நகை எழுதி, புடவைக்குக் கரை போட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியாத்தான் கண் திறப்பாரு. குளிச்சுட்டு வந்து, யாரும் பேசக் கூடாது, ஒரே மூச்சுல. கண் திறக்காத பொம்மை வெறும் காகிதக் கூழு, திறந்துட்டா அதுக்கு உசிர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதைப் பாத்தே வளந்தவ நான். எங்க அண்ணன் சிங்கப்பூர்லேருந்து காமிரா கொண்டு வந்தப்ப தேனுவுக்கு ஒண்ணரை வயசு. "மூஞ்சியைக் காட்டுடி ராஜாத்தி"ன்னு அவன் வந்தா, நான் அவளை முந்தானைக்குள்ள போட்டு மூடிக்கிட்டேன். அஞ்சு வயசுக்குள்ள ஃபோட்டோ எடுத்தா குழந்தைக்கு ஆயுசு குறைஞ்சிடும். எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான். அண்ணன் கோவிச்சுக்கிட்டு வாசல் கதவை, தென்னை மரத்தை, பக்கத்து வீட்டு நாயைக் கூட எடுத்துட்டுப் போனான். நாய்க்கு ஃபோட்டோ இருக்கு. என் பொண்ணுக்கு இல்லை.

இவர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. வாய் திறக்காத மனுசன். பட்டணத்துல படிச்சுட்டு வந்தவரு, புதுசு புதுசா வரையறவரு, இதெல்லாம் நம்பறவரு இல்லை, ஆனா என்கிட்ட வாதம் பண்ண மாட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு, "நான் வரையலாமா? ஃபோட்டோ இல்லையே இது"ன்னு கேட்டார். நான் யோசிச்சேன். யோசிச்சுட்டு, "வரைங்க, கண் மட்டும் திறக்காதீங்க. அஞ்சு வயசு முடியட்டும், நானே சொல்றேன், அப்பத் திறங்க"ன்னேன். சிரிச்சாரு. சரின்னுட்டாரு. அந்த முடிச்சு விழுந்த துணிதான். அவளைக் கயித்துக் கட்டில்ல உக்கார வச்சு, கையில பொரி கொடுத்து, சிவப்புப் பாவாடை. நான் பக்கத்துல உக்காந்து மிஷின் ஓட்டிக்கிட்டிருப்பேன், யாரோ ஜாக்கெட்டு. அந்தக் குழந்தை ஒரு இடத்துல இருக்குமா? மிஷின் சத்தம் கேட்டா என் பக்கமே திரும்பிக்கும். "இங்க பாரு தேனு, அப்பாவைப் பாரு"ம்பாரு இவர். ஒரு நொடி பாக்கும், மறுபடி என் பக்கம். ஒரு வாரம் அப்படியே போச்சு. நெத்தியில விழற முடி, தேய்ஞ்ச பாவாடை நாடா, வாயோரம் ஒட்டின பொரி, எல்லாம் வந்துடுச்சு. கண் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் ரெண்டு குழி, வெறும் பழுப்பு. நான் சொன்னபடியே. "உனக்குத் திருப்திதானே?"ன்னார். எனக்கு அன்னிக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

எனக்கு இப்ப அவ கண் ஞாபகத்துக்கு வரலை. இதை யார்கிட்ட சொல்றது. காது ஞாபகம் இருக்கு, இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும். கால் கட்டைவிரல் இருக்கு. எண்ணெய் தேய்ச்சா அந்த முதுகு வழுக்கிக்கிட்டு ஓடறது இருக்கு. கண்ணை நினைச்சா தெருவுல போற குழந்தைங்களோட கண் வந்து உக்காந்துக்குது. டி.வி. விளம்பரத்துல வர்ற குழந்தையோட கண் வருது. நேத்து பஸ்ல ஒரு குழந்தை என்னையே பாத்துச்சு, அதோட கண்ணைத்தான் ராத்திரி பூரா தேனு மூஞ்சியில ஒட்டி ஒட்டிப் பாத்தேன், ஒட்டலை. பெத்தவளுக்கு மறக்குமா? மறக்குது. நாப்பத்தாறு வருஷம். அந்த நீலத்துக்கு அடியில இருக்கற முகத்துலயும் கண் கிடையாது. நான்தானே வேண்டாம்னேன். அப்புறம் எதுக்குடி அதைப் பாக்கணும்னு தவிக்கறே? தெரியலை. காதாவது பாக்கலாம். நெத்தி முடியாவது. மீதியை நானே நினைச்சுக்க மாட்டேனா.

பதினொண்ணு. ஒரு குதிரை, ரெண்டு பொம்பளை. பக்கத்து நாற்காலியில செண்ட் போட்ட ஒரு அம்மா, விரல்ல பெரிய பச்சைக்கல். என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. சிரிச்சேன். தேனுவுக்கு வந்தது மூளைக் காய்ச்சல். மூணே நாள். ரெண்டு வயசு ஒன்பது மாசம். சின்னக் குழந்தைக்குக் காரியம் எதுவும் கிடையாதுன்னுட்டாங்க, பதினாறு கிடையாது, படையல் கிடையாது, பால் ஊத்திப் புதைச்சதோட சரி. மாலை போட ஒரு படம் கிடையாது. நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன். எனக்கு ஒரே எண்ணம்: அந்தப் படத்தைக் கண்ணில்லாம அரைகுறையா விட்டதுனாலதான் இப்படி ஆச்சோ? பொம்மையைக் கூட எங்க அப்பா அப்படிப் பாதியில விட மாட்டாரே. பாதியில நிறுத்தினது யாரு, நான். பத்தாம் நாள் காலையில இவரு படம் இருந்த அறைக்குள்ள போனாரு, கதவைச் சாத்திக்கிட்டாரு. மத்தியானம் சோறு வச்சுக் கூப்பிட்டேன், வரலை. விளக்கேத்தற நேரத்துக்குக் கதவு திறந்தது. உள்ள போய்ப் பாத்தேன். கட்டில் இல்லை, பொரி இல்லை, பொண்ணு இல்லை. மேலேருந்து கீழ வரைக்கும் நீலம். இன்னும் ஈரம். நான் கத்தினேன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்வாங்க, எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான், குப்பைக்கூடையில கிடந்த அந்தச் சீமை வெள்ளை ட்யூப். இவரோட வாத்தியார் சாகறதுக்கு முன்னாடி கொடுத்தது. பெரிய வேலைக்குன்னு ஏழு வருஷமா மூடியைக் கூடத் திறக்காம வச்சிருந்தாரு, எங்க வேலைக்கெல்லாம் கடையில பொட்டலம் கட்டிக் கொடுக்கற வெள்ளைப் பொடிதான். அந்த ட்யூப்பைத் திறந்து, பிதுக்கி, காலி பண்ணிப் போட்டிருந்தாரு. என் பொண்ணை மூடி மறைக்க உமக்குச் சீமைச் சாமான் கேக்குதான்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. வாய்விட்டுக் கேக்கலை. அன்னிக்கு மூடின வாய்தான் ரெண்டு பேருக்கும்.

ஒண்ணு மட்டும் இத்தனை வருஷமா இடறுது. நீலம் பூச எவ்வளவு நேரம் ஆகும்? நான் பாக்காத வேலையா. பெரிய பட்டை பிரஷ், ஒரு மணி நேரம். போனா ஒண்ணரை. காலையில போன மனுசன் விளக்கு வைக்கற வரைக்கும் உள்ள என்ன பண்ணினாரு? அழுதாரா? அழுதிருப்பாரு. இல்லே, முதல்ல சுரண்டினாரா? அதுதான் எனக்குப் பயம். பிடிக்காத படத்தை இவர் கரண்டி வச்சுச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மேல பூசுவாரு, துணி மிச்சமாகுமேன்னு. அப்படிச் சுரண்டியிருந்தா அடியில ஒண்ணுமே இருக்காது, வெறும் காடாத்துணியும் என் தையலும்தான். இதுக்காகத்தான் நான் வாயைத் திறக்கலையோ என்னமோ. கேக்காத வரைக்கும் அவ அங்க இருக்கா. கேட்டு, அவங்க பாத்துட்டு, "இல்லைம்மா, எதுவும் இல்லை"ன்னுட்டா? அப்புறம் நாளைக்கு நான் காலையில எழுந்திரிச்சு எதை நினைச்சுக்கிட்டுப் பல்லு விளக்கறது.

அதுக்கப்புறம் நான் இவருக்குத் துணி தைச்சுக் கொடுக்கலை. சண்டை போடலை, பேசலை, மிஷின்ல காடாத்துணி ஏத்தறதில்லை, அவ்வளவுதான். அவரும் கேக்கலை. காகிதத்துல வரைய ஆரம்பிச்சாரு. கேட்டலாக்ல என்ன போட்டிருக்கான்னு யாழினி படிச்சுத் தமிழ்ல சொன்னா: எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு ஓவியர் கனத்தைத் துறந்து லேசானதைத் தேடிக் காகிதத்துக்கு மாறினார். தேடினாராம்! பொண்டாட்டி தைச்சுக் கொடுக்கலைன்னு எவனாவது எழுதுவானா? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவளும் கூடச் சிரிச்சா, எதுக்குன்னு தெரியாம. முப்பத்தினாலு வருஷம் காகிதம். அந்த நீலப் படத்தை அந்த வருஷமே ஒரு மில்லுக்காரர் வந்து பாத்துட்டு எடுத்துக்கிட்டாரு, வண்டியில ஏத்தறப்ப இவரு தெருவுல நின்னாரு, நான் ஜன்னல்ல நின்னேன். அப்புறம் பெரம்பூர், மாடி வீடு, வயித்துல எதுவும் தங்கலை, ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமா வயசாகிக்கிட்டு இருந்தோம். சண்டைக்காரங்க இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், அவர் தலையணையைத் தட்டிப் போடுவாரு. ஆஸ்பத்திரியில கடைசி வாரம் ஏதோ சொல்ல வந்தாரு. "வல்லி, அந்தக் காஞ்சிபுரத்துப் படம்..." அப்படின்னாரு. "இப்ப எதுக்கு அதெல்லாம், பேசாம படுங்க"ன்னேன். படுத்துட்டாரு. இப்ப அந்த வீட்டுல நானும் சுவர்க்கடிகாரமும். அதுவும் ஒரு மாசமா ஓடலை, ஸ்டூல் மேல ஏறி எடுக்கப் பயமா இருக்கு.

இருபது முடிஞ்சுது. பதினஞ்சு நிமிஷம் இடைவேளைன்னு மேடையில சொல்றான். எல்லாரும் எழுந்து டீ இருக்கற பக்கம் போறாங்க, விரல் நீளத்துக்கு சமோசா, ஒரு வாய்க்குக் காணாது. பச்சைக்கல் அம்மா "நீங்க வரலையா?"ன்னாங்க. "முட்டி வலி"ன்னேன். யாழினி டெலிபோனை வச்சுட்டுத் தண்ணி குடிக்கறா. இப்பப் போகலைன்னா கிடையாது. எழுந்துட்டேன். போய் அவ கையைப் பிடிச்சேன். "என்னம்மா, கை இப்படிச் சில்லுனு இருக்கு? ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லட்டுமா?" "அது இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன் கண்ணு. அந்த நீலப் படத்துக்கு அடியில இன்னொரு படம் இருக்கு. இருந்துச்சு. இப்ப இருக்கோ என்னமோ." அவ டம்ளரைக் கீழ வச்சா. "இருக்கும்மா"ன்னா. சாதாரணமா, தண்ணி குடிச்சியான்னு கேட்டா பதில் சொல்ற மாதிரி. "பெரிய படத்துக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்போம்மா. போன வாரம் வந்துச்சு. அடியில ஒரு குழந்தை முகம். யாருன்னு எங்களுக்குத் தெரியலை. உங்களைக் கேக்கணும்னே இருந்தேன், இந்த ஓட்டத்துல விட்டுப்போச்சு, மன்னிச்சுக்குங்க. படம் வாங்க வந்தவங்களுக்கு அனுப்பின அறிக்கையில 'குழந்தை, யாரென்று தெரியவில்லை'ன்னு போட்டிருக்கோம்." அப்ப இவங்க எல்லாரும் பாத்துட்டாங்களா? சமோசா தின்னுக்கிட்டு நிக்கறானே அவன், பச்சைக்கல், டெலிபோன்ல இருக்கறவன், எல்லாரும் பாத்துட்டானுங்க, நான் மட்டும் பாக்கலையா? "சுரண்டலையா?"ன்னேன். "என்னதும்மா?" "அதைச் சுரண்டி எடுக்கலையா அவரு?" "இல்லைம்மா. ஒரு கீறல் கூட இல்லை. முழுசா இருக்கு. பாக்கறீங்களா?"

அகலமான ஃபோன் ஒண்ணு எடுத்துத் தடவித் தடவித் தேடறா. வேண்டாம்னு சொல்லிடலாமான்னு ஒரு நொடி தோணுச்சு. ரெண்டு குழியைப் பாக்கணுமே. நான் வேண்டாம்னு சொன்ன ரெண்டு குழி. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டேன். சாம்பலும் வெள்ளையுமா, ஆஸ்பத்திரியில நெஞ்சைப் படம் பிடிப்பாங்களே அந்த மாதிரி. நடுவால என் தையல், பல்லுப் பல்லா. அடியில முடிச்சு. அதுக்கு மேல நெத்தி முடி. மடங்கின காது. காது! வாயோரம் பொரி. அடப்பாவி, பொரியைக் கூட விடலை மனுசன். அப்புறம் கண். கண் இருக்கு. ரெண்டு கண்ணும் இருக்கு. பெரிசா, பளிச்சுனு, மத்த முகத்தை விட வெளுப்பா, உள்ள கருவிழி, கருவிழிக்குள்ள ஒரு சொட்டு வெளிச்சம். நான் அந்த ஃபோன் கண்ணாடியில விரலை வச்சுட்டேன், படம் நகந்து போயிடுச்சு, யாழினி திரும்பக் கொண்டு வந்தா. "கண் எப்படி வந்துச்சு?"ன்னேன். "அதுதாம்மா எங்களுக்கும் ஆச்சரியம். முகமெல்லாம் ஒரு வெள்ளை, கண் மட்டும் வேற வெள்ளை. ஈய வெள்ளை, ட்யூப்ல வர்றது, எக்ஸ்ரேல அதான் இப்படித் தெரியுது. முகம் நல்லாக் காஞ்ச பிறகு, அப்புறமா ஒருநாள் கண்ணை மட்டும் வரைஞ்சிருக்கார். ரொம்பப் பொறுமையா, எத்தனையோ தடவை திருத்தித் திருத்தி. அது ஈரமா இருக்கும்போதே மேல நீலம் பூசிட்டார். அவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்சுட்டு ஏன் உடனே மூடணும்னு எங்க ஆளுங்களுக்குப் புரியலை." எனக்குப் புரிஞ்சுது. கதவைச் சாத்திக்கிட்டு நாள் பூரா உள்ள என்ன பண்ணினீங்கன்னு இப்பப் புரியுதுங்க. நான் சொல்றேன் அப்பத் திறங்கன்னு சொல்லிட்டு நான் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டேன். நீங்க போய்த் திறந்துட்டீங்க. திறந்து வச்சுக்கிட்டு, அவ பாக்கறதைத் தாங்க முடியாம மூடிட்டீங்க.

"யாரும்மா இது?" யாழினி என் முதுகுல கையை வச்சிருந்தா. அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. மனசுக்குள்ள சொல்றது வேற. நாக்கு அதுக்குத் திரும்பலை, தண்ணி வாங்கிக் குடிச்சேன். "எங்க பொண்ணு. தேன்மொழி. தேனு"ன்னேன். அவளுக்குக் கண் கலங்கிப் போச்சு. "மேடையில சொல்லலாமாம்மா? யாருன்னு தெரிஞ்சா சொல்லித்தான் ஆகணும்னு எங்க முறை. ஆனா நீங்க வேண்டாம்னா நான் பேசிப் பாக்கறேன்." எங்க தெருவுல குழந்தை பேரை நாலு பேர் முன்னாடி கூப்பிட மாட்டோம். ஒளிச்சு ஒளிச்சு வச்சேன், காமிராவுக்கு ஒளிச்சேன், வண்ணத்துக்கு ஒளிச்சேன், கடைசியில என் கண்ணுக்கே இல்லாம பண்ணிட்டேன். "சொல்லச் சொல்லு"ன்னேன். "சத்தமாச் சொல்லச் சொல்லு."

முன்வரிசையில என் பேர் ஒட்டின நாற்காலிக்கே போய் உக்காந்துட்டேன். இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு. இருபத்திமூணு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, யாரும் கேக்கலை பாவம். நீலத்தை ரெண்டு பேர் தூக்கிக்கிட்டு வந்து வச்சாங்க. கோட்டுக்காரன் ஒரு துண்டுச்சீட்டைப் பாத்து நிதானமாப் படிச்சான். எனக்கு ரெண்டு வார்த்தைதான் புரிஞ்சுது, ஏகாம்பரம், தேன்மொழி. கூடத்துல சத்தம் அடங்குச்சு. நாலு பேர் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். அப்புறம் அட்டை தூக்க ஆரம்பிச்சாங்க, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், டெலிபோன்ல, யாழினி குரலும் கேட்டுது, விலை எங்கேயோ ஏறிக்கிட்டுப் போச்சு, நான் கவனிக்கலை. நான் இவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில இதைத்தானே சொல்ல வந்தீங்க? நான்தான் பேசாம படுங்கன்னேன். அதட்டியாவது சொல்லியிருக்கக் கூடாதா. எத்தனை வருஷம், ஒரே வீட்டுல, ஒரே அரிசி பொங்கித் தின்னுக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உங்களுக்கு வீடு நிறையத் துணி தைச்சுக் கொடுத்திருப்பேனே. சுத்தியல் விழுந்துச்சு. கைதட்டினாங்க. யாரோ வாங்கிட்டாங்க, யாருன்னு தெரியலை.

வெளிய வர்றப்ப யாழினி ஓடி வந்து ஒரு காகித உறையைக் கொடுத்தா, எக்ஸ்ரே படத்தைப் பெரிசா அச்சடிச்சு வச்சிருந்தா. வண்டியிலே ஏத்தி விட்டா. இன்னும் வெயில் இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது உறையைப் பிரிச்சு மடியில வச்சுப் பாத்தேன். கூடத்துல நின்னு பாத்தப்பக் கவனிக்காத ஒண்ணு. அவ நேராப் பாக்கலை. வரையற அப்பனைப் பாக்கலை. கண் ரெண்டும் ஓரமாத் திரும்பியிருக்கு, இடது பக்கம். கட்டிலுக்கு இடது பக்கம்தான் நான் மிஷின் போட்டு உக்காந்திருந்தேன். இவருக்கு அது ஞாபகம் இருந்திருக்கு. டிரைவர் கண்ணாடியில பாத்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"ன்னான். "நல்லா இருக்கேம்பா, நீ ஓட்டு"ன்னேன். வீட்டுல மிஷின் ஜன்னலோரமா இருக்கு, துணி போட்டு மூடி. அதுக்கு எதிர் சுவர்ல கடிகாரத்தைக் கழட்டிட்டு அந்த ஆணியில மாட்டிடலாம். இல்லை, அங்க மாட்டினா அவ கதவைப் பாப்பா. மிஷினைத்தான் இந்தப் பக்கம் நகத்தணும். கனமா இருக்கும். கீழ்வீட்டு ஆளைக் கூப்பிட்டுக்கிட்டா நகத்திடலாம்.